பிழை திருத்தம்

திரையில் அந்தப் பையனுக்கு
ஏழே விநாடியில் வெங்காயம் பொன்னிறமாகிவிட்டது.
எனக்கு அரை மணி ஆகியும்
வெளுத்தே கிடந்தது.
எரிகிற அடுப்பிலேயே பாப்ரிக்காவைக் கொட்டச் சொன்னான்.
கொட்டினேன்.
மூன்றாம் மாடி முழுக்கக் கசப்பு நெடி.
கீழ்வீட்டு போர்பாலா கதவைத் தட்டி
ஏதாவது எரிகிறதா என்றாள்.
வயிறுதான் என்றேன்.

மறுநாள் நாலு வார்த்தை கேட்கலாமென்று போனால்
ஆளையே காணோம்,
வீடியோவும் இல்லை.

செகெட் டிராம் பணிமனைக்கு எதிரே
பழைய சாமான் கடையில்
அறுநூறு ஃபோரிண்டுக்கு ஒரு சமையல் புத்தகம்.
படம் கிடையாது. முதுகு பிய்ந்திருந்தது.
'வெங்காயத்துக்கு முக்கால் மணி.
அவசரமென்றால் ரொட்டி தின்னவும்.'
'சட்டியை இறக்கிவைத்து, பிறகு தூவவும்.'
கறாரான பேச்சு. பிடித்திருந்தது.

ஆனாலும் நான் அதை நம்பியது
கடைசி அட்டையில் ஒட்டியிருந்த
துண்டுச்சீட்டைப் பார்த்துத்தான்:
'நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
மூன்று கரண்டி உப்பு என்றிருப்பது தவறு.
ஒன்றே போதும்.
வருந்துகிறோம்.'

அதன் கீழே பென்சிலில்,
தாள் கிழியும்படி அழுத்தி,
யாரோ:
'இதை முன்னாலேயே ஒட்டியிருக்கக் கூடாதா?'