பச்சைச் சூரை

கடைசி வெள்ளைக்காரனும்
அலைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கொழும்பு பஸ் ஏறிவிட்டான்.
முதலாளி கதிரைகளைக் கவிழ்த்து அடுக்கினார்.
ஆறு மாதமாய் உல்லையில் நான் வெட்டிய மீன்
ஒரு துண்டும் என் நாக்கில் பட்டதில்லை.

'ஹவாய்க் கிண்ணம்' என்று
கரும்பலகையில் எழுதியிருக்கும்.
இரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.
அதை ஒருக்கா
என்ட அடுப்படியில், என்ட பீங்கானில்,
எனக்கென்று செய்ய வேணும்.

விடிய ஐந்தரைக்கு
உவைசின் தோணி கரை தட்டும்போது
ஐஸ் பெட்டியோடு நின்றேன்.
முதல் சூரையைத் திருப்பிக் கொடுத்தேன், கண் மங்கல்.
இரண்டாவதின் செவுள் மண்ணிறம்.
'புருஷன் பிடிச்ச மீனுக்கே குத்தம் சொல்றா'
என்று வலை உதறியவர்களில் யாரோ சிரித்தார்கள்.
மூன்றாவது, பிடித்த கையோடு இரத்தம் வடித்து
ஐஸில் புதைத்தது.
அதன் கண்ணுக்குள் நான் தெரிந்தேன்.

"குழம்புக்கு எந்தச் சூரையும் சூரைதானே?"
"குழம்புக்கு இல்ல."

கத்தியைக் கல்லில் இழுத்தேன்.
நாருக்குக் குறுக்கே, பகடை அளவு.
கறுத்த சதை பூனைக்கு.
சோயா சோஸ் மூன்று கரண்டி;
நல்லெண்ணெய், தலைக்கு வைக்கிற அதே போத்தல்தான்;
வறுத்த எள்ளு, சின்ன வெங்காயம்,
முதலாளி கண்டால் பதறுகிற மாதிரி
இரண்டு பச்சைக் கொச்சிக்காய்.
பாசிதான் இல்லை.
நோன்புக்கு வாங்கிய கடற்பாசி ஒரு கட்டு கிடக்கிறது,
அது பாலும் சீனியும் கேட்கிற சாமான்.
வல்லாரையை அரிந்து தூவினேன்.
சம்மாந்துறை அரிசி ஒட்டாது;
தண்ணீரைக் கூட்டி, கொஞ்சம் குழைய விட்டு, ஆற வைத்தேன்.

உவைஸ் குளித்துவிட்டு வந்தார்.
"பச்சையாவா?"
"பச்சையாத்தான்."
பூனை என்று பழிப்பார், உம்மாவுக்குப் போன் போடுவார்
என்று பார்த்திருந்தேன்.
அவர் பாயில் உட்கார்ந்து
பீங்கானையே பார்த்தார்.

"பதினொரு நாள்" என்றார்.

எந்தப் பதினொரு நாள் என்று கேட்கவில்லை.
மகன் வயிற்றிலிருந்த வருஷம்.
வாழைச்சேனைப் படகு, எஞ்சின் செத்து,
கிழக்கே இழுபட்டுப் போனது.
பிஸ்கட் இருந்தது, அல்லாஹ் காப்பாத்தினான்,
அவ்வளவுதான் வந்து சொன்னது.

"பிஸ்கட் நாலாம் நாளோட சரி.
மறுகா இதுதான்.
சூரையில்ல, கிளாத்தி.
நிண்ட படகுக்குக் கீழ வந்து அதுகளும் நிக்கும்.
ஜௌபர் கீறிக் கீறித் தருவான்.
உப்புத் தேவையில்ல.
கையெல்லாம் உப்பு."

பீங்கானை எடுக்கப் போனேன்.
விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
விரலால் ஒரு துண்டு எடுத்து
வெகுநேரம் மென்றார்.

"தேசிக்காய் இரிக்கா?"

பாதியைப் பிழிந்தேன்.
"இன்னும்."
மற்றப் பாதியையும் பிழிந்தேன்.
விதை ஒன்று எள்ளுக்குள் விழுந்தது,
எடுக்கவில்லை.

பிறகுதான் நானும் தின்றேன்.
குளிர்ந்து, வழுவழுவென்று,
கடைசியில் கொச்சிக்காய்.
கடல் வாசமே இல்லை.

"இதுக்கா ரெண்டாயிரத்து இருநூறு?" என்றார்,
சோற்றையும் வழித்துத் தின்றபடி.
கை கழுவப் போனவர்
கிணற்றடியில் நின்று திரும்பினார்.

"ஜௌபருக்குச் சொல்லிராத.
அவன் இப்பவும் மீன் தின்றதில்ல."