முன் இடது

தார்ச்சாலைதான் முதலில் சொன்னது.
தருவை விலக்கில் திரும்பும்போது
நாலு சத்தத்தில் ஒன்று மெலிந்து விழுந்தது,
அவசரக் கையெழுத்தில் விட்டுப்போன புள்ளி போல.
ஐப்பசி மழை, சகதி, வேறென்ன என்று
சேணத்தில் இருந்தபடியே சமாதானம் சொல்லிக்கொண்டு
இன்னும் ஒரு கிலோமீட்டர் போனேன்.
அந்த ஒரு கிலோமீட்டரைத்தான்
இத்தனை நாளாகப் பின்னோக்கி நடக்கிறேன்.

மறுநாள் மிளகு
இடது முன்காலைத் தள்ளி நீட்டி வைத்து நின்றாள்.
தண்ணீர்த் தொட்டி வரை வர யோசித்தாள்.
தோள் பிசகிட்டு, வேப்பெண்ணெய் போடுங்க என்றார் பால்காரர்.
சுளுக்குத்தான், சூடு வச்சாச் சரியாப் போகும் என்றார்
ரைஸ்மில் சண்முகவடிவு.
கண்ணு பட்டுட்டு என்றார்
அவளைத் தினமும் தேய்த்துவிடும் மைதீன்பிச்சை.
யார் கண் என்று சொல்லவில்லை.
முக்கூடல் தரகர் போனில் ஒரு தொகை சொன்னார்.
அதை விலை என்று சொல்ல முடியாது,
எடை.

டாக்டர் ஜெபசெல்வி ஸ்கூட்டியில் வந்தார்.
தோளைத் தொடவே இல்லை.
"கயித்தத் தளத்திப் பிடிச்சு ஓட்டுங்க. தலை பேசட்டும்."
நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில்
மைதீன்பிச்சை கூடவே ஓடினார்.
நல்ல கால் ஊன்றும்போது தலை தாழ்ந்தது.
வலிக்கிற கால் ஊன்றும்போது
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி
மேலே தூக்கியது.
ஆமாம் ஆமாம் என்று அன்றைக்கெல்லாம்
அவள் தலையாட்டியதைச்
சம்மதம் என்று எடுத்துக்கொண்டவள் நான்.

குளம்பில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
இப்போதுதான் அணைத்த பம்புசெட் மோட்டார்.
டாக்டர் இடுக்கியால் அங்குலம் அங்குலமாக அழுத்தி வந்தார்.
ஓரிடத்தில் வெடுக்கென்று காலை உருவிக்கொண்டாள்.
லாடம் அடித்த கொம்பையா
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.
"என் ஆணியாம்மா?"
டாக்டர் பதில் சொல்லாமல்
ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
முகர்ந்து பார்த்துத் தட்டில் போட்டார்.
ஏழும் சுத்தம்.
பிறகு வளைகத்தி.
சீவச் சீவ ஒரு கறுப்புப் புள்ளி,
அதன் அடியில் கோடு, கோட்டின் அடியில்
சாக்கடை நாற்றத்தோடு பீய்ச்சிய சாம்பல் நீர்.
கடைசியில் மிளகளவு ஜல்லி.
போன ஞாயிற்றுக்கிழமை
நாற்கரச் சாலை ஓரத்தில்
ஒரு வீடியோவுக்காக நான் அவளை விரட்டிய ஜல்லி.
கொம்பையா கைகளை முன்னால் கொண்டுவந்தார்.

பேதி உப்பு, வெந்நீர், தவிடு.
மேலே சுற்ற டயாப்பர் வாங்கிட்டு வாங்க என்றார் டாக்டர்.
முன்னீர்பள்ளம் மெடிக்கலில் கேட்டார்கள்,
"பிள்ள எத்தன கிலோ?"
நாற்பத்தொரு வயது,
கழுத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸ் அட்டை.
"முந்நூத்தி எண்பது" என்றேன்.
கடைக்காரர் சிரிக்கவில்லை.
"அப்ப எக்ஸ்ட்ரா லார்ஜ்."

காலையும் மாலையும் மாற்றிக் கட்டினேன்.
தவிட்டுக் களி, டயாப்பர், வெள்ளி நிற டேப்,
அதற்கு மேல் உரச்சாக்கு.
குனிந்து கட்டும்போது
முகவாயை என் முதுகில் வைத்துக்கொள்வாள்.
மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ள ஆசைதான்.
எடையை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது அவளுக்கு,
அவ்வளவுதான்.

பதினோராம் நாள் கொம்பையா
தோல்பட்டை வைத்துப் புது லாடம் அடித்தார்.
ஒவ்வொரு ஆணிக்கும் முன்பு அவள் காதைப் பார்த்துக்கொண்டார்.
களத்தில் ஓட்டினோம்.
தலை, கொடியில் வைத்த பாத்திரம் போல
அசையாமல் வந்தது.
"ஏறுங்கம்மா" என்றார் மைதீன்பிச்சை.
ஏறவில்லை.
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
தருவை விலக்கு வரை நடந்தேன்.
இரு பக்கமும் பிசான நடவு,
கொக்கு, வரப்பில் வழியும் தண்ணீர்.
நாலு சத்தமும் வந்தன.
எண்ணினேன். திரும்ப எண்ணினேன்.

பாக்கெட்டில் ஏழு மீதி.
அலமாரியில், பாலிசி பாரங்களுக்குப் பக்கத்தில்.
அடுத்த மழைக்கு இருக்கட்டும்.