எது சுழல்கிறது

ஆண்டாப்ஹில் காப்புரிமை அலுவலகத்திலிருந்து கடிதம்.
ஒன்பது ஆட்சேபங்கள்.
எட்டு வழக்கமானவை.
ஒன்பதாவது என் இலக்கணத்தின் மேல்.

'மூடியில் பொருந்திய மிதவை, சுழல்வது' என்கிற மாதிரி
ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன்.
சுழல்வது எது என்று கேட்கிறார் பரிசோதகர்,
மூடியா, மிதவையா.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை என்று
ஜிடிபி நகர் ஸ்டேஷன் படியில் நினைத்துக்கொண்டேன்.
சுழலும் மிதவை. தீர்ந்தது.
அப்புறம் 'சுழலும் மிதவையின் மூடி' என்று
சொல்லிப் பார்த்து
வாயை மூடிக்கொண்டேன்.

கருவி சூசைமாணிக்கத்துடையது.
தாராவி, தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால்.
காலை நாலரைக்கு வரும் குழாய்த் தண்ணீரை
நீல டிரம் நிறைந்ததும் தானே நிறுத்தும்.
எட்டு வருஷம் தூங்காதவர் செய்தது.

ஒரு கோரல் என்றால் ஒரே வாக்கியம்.
எத்தனை முழம் நீண்டாலும் முற்றுப்புள்ளி ஒன்றுதான்.
'ஒரு' என்று அறிமுகமாகாத எதையும்
'அந்த' என்று கூப்பிடக் கூடாது.
சம்பந்தி வீட்டில்கூட
இவ்வளவு மரியாதை பார்ப்பதில்லை.

போன் செய்தேன். பின்னால் ரிவெட் அடிக்கும் சத்தம்.
அண்ணே, உங்க டிரம்முல எது சுத்துது?
'தண்ணி.'
இல்லண்ணே, மூடியா மிதவையா?
'ரெண்டும் சுத்தாது மேடம், சுத்துனா வாஷர் தேஞ்சிரும்.
தண்ணி சுத்திக்கிட்டு வந்து மிதவையத் தூக்கும்.
மொத நாளே சொன்னேனே.'

சொல்லியிருக்கிறார்.
என் நோட்டில் இருக்கிறது, பென்சிலில்,
சுழித்துக்கொண்டு ஓர் அம்பு.
அம்புக்கு எழுவாய் இல்லை.
பதினான்கு மாதமாய்
சுழலாத இரண்டைச் சுழலவிட்டு
கட்டணமும் வாங்கியிருக்கிறேன்.

நல்லவேளை, இரண்டாம் வரைபடத்தில்
படம் போட்ட பையன் அந்த அம்பை விடவில்லை.
இல்லாவிட்டால் இப்போது தண்ணீரை
எங்கிருந்து கொண்டுவருவேன்?

ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன்:
ஒரு டிரம், அந்த டிரம்மின் மேல் ஒரு மூடி,
அந்த மூடிக்குக் கீழே ஒரு மிதவை,
அந்த மிதவையோடு இணைந்து ஒரு வால்வு,
உள்ளே வரும் தண்ணீர் சுழன்று
அந்த மிதவையை உயர்த்த,
உயர்ந்த அந்த மிதவை
அந்த வால்வை அடைக்கும்.

புள்ளியை வைத்துவிட்டு
வேறெங்கும் ஒன்று விழுந்திருக்கிறதா என்று
மேலிருந்து தேடினேன்.

'ஆறிப்போச்சு' என்றான் தியாகு, கதவருகே.

எது, என்றேன்.