பூஜ்யம்

மேசைமேல் கிடந்த காற்றழுத்தமானி
மூன்றரை மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொன்னது.
மேசை கொருக்குப்பேட்டையில், தரைத்தளத்தில்.
டெல்லிபாபு டீயோடு கதவைத் தள்ளினான்: இரண்டேகால்.
இழுத்துச் சாத்தினான்: நாலு.
"இன்னா, சரக்கு போட்டுக்குதா இது?"

பாவம், அதற்குக் காற்றை விட்டால் ஒன்றும் தெரியாது.
காற்று கனத்தால் இறங்கிவிட்டேன் என்கிறது,
இளைத்தால் ஏறிவிட்டேன் என்கிறது.
வெயில் பட்டாலும் உளறுகிறது.
அவன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து விரல்நகம் அளவு
ஸ்பாஞ்சு கிள்ளி அதன் துளைமேல் ஒட்டினோம்.
பாதி உளறல் நின்றது.

எண்ணூரில் சாம்பல் எதுவரை பரவியிருக்கிறது,
எத்தனை ஏக்கர் என்று படம் எடுத்துத் தரவேண்டும்;
மீனவர் சங்கம் முன்பணமாக ஆறாயிரம் தந்திருக்கிறது,
எல்லாம் நூறு ரூபாய்த் தாள், இறால் வாசனையோடு.
உயரம் தப்பினால் ஏக்கர் தப்பும்.
ஏக்கர் தப்பினால்
எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

வேகத்துக்கு, ஸ்டான்லி எதிர்க் கடையில்
ஒரு டிரிப் குழாய், இருபத்திரண்டு ரூபாய்.
காலை நாலரை மணிக்கு, லாரிகள் அடைக்கும் முன்,
ஜெசிந்தா வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து
குழாயைக் காற்றுக்கு நீட்டினேன்.
"நாற்பது! நாற்பதுலயே போறேன்!" என்று கத்தினாள்.
போகையில் விநாடிக்கு எட்டு மீட்டர்,
திரும்புகையில் பதினான்கு.
அதே சாலை, அதே நாற்பது.
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கணக்கு சரி;
மிச்சமெல்லாம் தென்காற்று.

பிறகு பறக்கவிட்டபோது
அந்தரத்தில் அசையாமல் நின்றுகொண்டே
ஆறு மீட்டர் வேகம் என்றது.
கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் வரிசை
எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது.

கீழே ஒலி அனுப்பி, எதிரொலி கேட்டுத்
தூரம் சொல்லும் உணரி ஒன்றும் வாங்கினோம்.
கான்கிரீட் ஒலியைத் திருப்பித் தந்தது.
ஆற்றுத் தண்ணீர்கூட, கொஞ்சம் நடுங்கி, தந்தது.
சாம்பல் தரவில்லை.
எட்டு மீட்டர் மேலிருந்து எத்தனை முறை கேட்டும்
திரையில் வெறும் கோடுகள்.

ஆக, யாரை எவ்வளவு நம்புவது
என்பதுதான் கடைசியில் வேலை.
முடுக்கமானி உடனே பேசும், போகப்போகப் புளுகும்.
ஜிபிஎஸ் தாமதமாக வரும், அதிகம் ஏமாற்றாது.
காற்றழுத்தத்துக்கு இன்று எத்தனை பங்கு என்று
மூன்று இரவுகள் தசமப் புள்ளியை நகர்த்தினேன்.

நாலாம் நாள் வீட்டு வாசலுக்குள் வைத்து
இதுதான் பூஜ்யம் என்று பொத்தானை அமுக்கினேன்.
ஏறியது, சுற்றியது, தெருவில் இறங்கியது.
இறங்கிய பிறகும்
பூஜ்யம் புள்ளி ஆறு.

ஸ்பாஞ்சை மாற்றினோம்.
நூறு அளவு எடுத்துச் சராசரி போட்டோம்.
பூஜ்யம் புள்ளி ஆறு.
டெல்லிபாபு டேப்பை எடுத்துவந்து
ரோட்டு விளிம்பிலிருந்து எங்கள் தரைவரை இறக்கினான்.
இரண்டடி.
சுரண்டாமல் மேலே மேலே மூன்று முறை போட்ட தார்.
ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் வாளியால் இறைத்தது
இந்தப் புள்ளி ஆறைத்தான்.

"அப்ப ரோட்டையே பூஜ்யம்னு வச்சுக்கலாமா?"

வைக்கலாம். ஆனால் முதல் நாளே
ஒரு வரி எழுதியிருந்தேன்:
உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போனால்
அது பிழை, கணக்கில் சேர்க்காதே.

அந்த வரியை அழித்தேன்.
டேப் சரக்கென்று சுருண்டு
அவன் கட்டைவிரலில் அடித்தது.