அரைப் பாக்கு

தவுங்கூ சந்தைக்குப் பின்னால்
சைக்கிள் டியூப் விற்பவனுக்கும் பல் பிடுங்குகிறவருக்கும் நடுவே
நாலடி அகலம் என் கடை.
பலகையில் இருப்பது பர்மியப் பெயர், டா கின் ஏ.
வீட்டுக்குள் நான் தெய்வயானை.
போனில் வரும் பணத்தைத் தாளாக்கிக் கொடுப்பது தொழில்.
நூற்றுக்கு இரண்டு என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
தாள் கிடைக்காத மாதங்களில் நூற்றுக்கு ஏழு.
அதை ஒட்டவில்லை. வாயால் சொல்வேன்.

அவள் தண்டவுங் மலைக்கும் மேலேயிருந்து வருகிறவள்.
பாதி தூரம் நடை,
பாதி தூரம் ஏலக்காய் மூட்டைமேல் உட்கார்ந்து லாரியில்.
கரேன் பெண். பெயர் நோ பா வா.
'வா' என்றால் அவர்கள் பேச்சில் வெள்ளையாம்.
நோட்டில் எழுதும்போதெல்லாம்
யாரையோ கூப்பிடுவதுபோலவே இருக்கிறது எனக்கு.

ஒரே போன்.
கண்ணாடி விரிந்து ரப்பர் வளையத்தில் நிற்கிறது.
அதற்குள் ஏழு வீட்டுப் பணம்.
மே சோட்டில் தையல் மெஷினில் இருக்கும் பெண்கள்,
பினாங்கில் தட்டுக் கழுவும் ஒருவன்,
எல்லாரும் அனுப்புவது இந்த எண்ணுக்கு.
அட்டை இருந்தால்தான் சிம்,
அந்த ஊரில் அட்டை இருப்பது இவளுக்கு மட்டும்.
என் அப்பா அட்டை இல்லாமலேதான் செத்தார்.
அது வேறு கதை.

ஊருக்கு மேற்கே ஒரு பாறை.
ஏறி நின்று கையைத் தூக்கினால் இரண்டு கோடு வருமாம்.
மழைநாளில் ஒன்று.

கல்லூரிப் பிள்ளைகள் என் கையில் போனைத் தந்து
"ரகசிய எண்ணை நீங்களே போடுங்க அக்கா" என்பார்கள்.
இவள் முதல் நாளே
சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள் என்னை.
நின்றேன்.

ஒருநாள் கேட்டேன்,
திரையில் ஒரே தொகைதானே காட்டுகிறது,
யாருடையது எவ்வளவு என்று எப்படித் தெரியும்?
பையைப் பிரித்தாள்.
ஏழு இலைப் பொட்டலம், உள்ளே பாக்கு.
மட்டை உரிக்காதது லட்சம்.
உரித்தது பத்தாயிரம்.
பாதி ஐயாயிரம்.
சீவல் ஆயிரம்.
எந்த இலையை எந்த நாரால் கட்டியிருக்கிறதோ அது அந்த வீடு.

போன மாதம் எட்டு லட்சம் எடுத்தாள்.
எண்ணிக் கொடுத்தேன்.
அவளும் எண்ணினாள், அவசரமில்லாமல்.
பிறகு என் பங்கை மேஜையில் என் பக்கம் தள்ளினாள்.
உரித்த பாக்கு ஐந்து, ஒரு பாதி, ஒரு சீவல்.
ஐம்பத்தாறாயிரம்.
நிறுத்தி,
இன்னொரு பாதியை எடுத்து
எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

மூன்று முறை தட்டிப் பார்த்தேன்.
மூன்று முறையும் கால்குலேட்டர் பாக்கின் பக்கம்தான் பேசியது.
தெரியாமல் நேர்ந்ததா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

டிராயரில் தாள் இல்லை.
போனிலேயே போடலாமென்றால் அந்த நேரம் பார்த்து லைன் போய்விட்டது.
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
வெளியே லாரிக்காரன் ஹாரனை எடுக்கவே இல்லை.
"இது இங்கேயே இருக்கட்டும்" என்று பாதிப் பாக்கைக் காட்டிவிட்டு
அவள் ஓடி ஏறிக்கொண்டாள்.

மறுநாள் லைன் வந்ததும் ஐயாயிரம் அனுப்பினேன்.
'அனுப்பப்பட்டது' என்றது, பச்சை எழுத்தில்.
அவள் பாறைமேல் ஏறினாளா என்று அது சொல்லாது.
அதற்கப்புறம் மலைப்பாதையில் பாலம் இல்லை,
லாரியும் இல்லை.
கூப்பிட்டால் ஒரு பெண்குரல், வேறு யாருடையதோ,
தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது.

எங்களில் பாக்கு வைத்தால் வீட்டுக்கு அழைப்பு.
அவளுக்கு அது கடன்சீட்டு.
தினமும் மேஜை துடைக்கும்போது எடுத்து,
துடைத்தபின் அதே இடத்தில் வைக்கிறேன்.

நேற்று பல் பிடுங்குகிறவர் வெற்றிலையோடு வந்து
"சும்மாதானே கிடக்கிறது" என்று கை நீட்டினார்.

வையுங்கள், என்றேன்.
அதில் பணம் இருக்கிறது.