நாற்பத்தொன்றாவது கேள்வி

பூம்பாறையில் பூண்டு பிடுங்கி ஓய்ந்த வாரம்.
டேப்லெட்டுக்கு மழையுறை மாட்டி
ஏழாவது வீட்டுக்கு ஏறுகிறேன்,
மூச்சிரைக்க.
கேள்வித்தாள் மலாவி நாட்டு
மக்காச்சோளக் காட்டுக்கென எழுதியது.
கோயம்புத்தூரில் யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள்,
அவசரமாக.

சைக்கிள் உண்டா?
குழந்தைத்தாய் வாசலிலிருந்து
படிப்படியாய் ஓடைவரை விழும் காட்டைப் பார்த்தாள்.
"இருந்தா அதை யாரு சுமக்குறது?"
இல்லை என்று அழுத்தினேன்.
அவள் ஏழ்மையில் ஒரு புள்ளி கூடிற்று.

கொசுவலை?
இருக்கிறது, கோஸ் நாற்றங்காலின் மேல்.
அதனுள் தூங்குபவர் எத்தனை பேர் என்றது அடுத்த கேள்வி.
நான் கேட்கவில்லை.

நாற்பத்தொன்று:
கடந்த ஆண்டில் உணவு போதாத மாதங்கள் எவை?
பூண்டுத்தாளை முடிந்துகொண்டிருந்த விரல் நின்றது.
"ரேசன் அரிசி வந்துரும்.
ஆடியில மேல ஊத்த ஒண்ணும் இருக்காது.
அதைப் போதும்னு போடுவியா, போதாதுன்னா?"

திரை இருண்டது. தட்டி எழுப்பினேன்.

"அந்த ஊருக்காரி என்ன சொன்னாளாம்?"

பயிற்சித்தாளில் ஒரு மாதிரிப் பதில் இருந்தது;
பெயர் இல்லை, வயது முப்பத்தாறு:
ஜனவரி, பிப்ரவரி. கதிர் முற்றும்வரை.

தை, மாசி என்றேன்.

"மாசியில எங்கிட்டப் பூண்டுக்காசு இருக்குமே"
என்றாள், என்னிடம் அல்ல.
"பக்கத்து வீடா இருந்தா கைமாத்து ஓடியிருக்கும்.
ஆடிக்கு அவ குடுத்திருப்பா."

நாற்பத்திரண்டு:
அவசரத்துக்குக் கடன் கேட்க யாரேனும் உண்டா?

எட்டி, அவளே 'உண்டு' என்பதை அழுத்தினாள்.
மண் காய்ந்த விரல். திரை ஏற்கவில்லை.
சேலையில் துடைத்துவிட்டு
மறுபடி அழுத்தினாள்.