முக்கால் டேங்க்

வந்த புதிதில், யீஷூன் ரயில் மேடையில்
ஒரு பெண்குரல் தினமும்
ஆத்தி, ஆத்தி என்று வியந்தது.
நம்மூர்க்காரி எவளோ உள்ளே உட்கார்ந்து
இத்தனை கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து
மலைத்துப்போகிறாள் என்றே நம்பினேன்.
'பெர்ஹாத்தி ஹாத்தி, மலாய்டி அது,
கவனம்னு அர்த்தம்' என்று
ஜெசிந்தா சிரித்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது.

மற்றதெல்லாம் பழகிவிட்டது.
டிஷ்யூ பாக்கெட் வைத்த மேசைக்குப்
பட்டா கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.
கோப்பி என்றால் டின்பால்.
ஓ சேர்த்தால் பால் இல்லை.
கொசோங் சேர்த்தால் சீனியும் இல்லை.
இன்னொரு சொல் சேர்த்தால்
குவளையும் வராது என்று பயந்து
அதோடு நிறுத்திக்கொண்டேன்.
'கேன்?' என்று கேட்டால் 'கேன்' என்கிறார்கள்.
கோவில்பட்டியில் இதற்கு
அரைமணி நேரம் பேசுவோம்.

பழகாதது தூரம்.
எந்த பஸ்ஸில் ஏறினாலும்
கண்ணயர்வதற்குள் இறங்குமிடம் வந்துவிடுகிறது.

தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி,
உரிமம் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை
ஊபியில் ஒரு வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்தேன்.
ஜெசிந்தா தூத்துக்குடி மக்ரூனோடு ஏறினாள்.
இர்ஃபான் பின்சீட்டில் தலையணையோடு.
எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
நீளமாக, அவ்வளவுதான்.

சாங்கியில் தொடங்கினோம்.
தீவு விரைவுச்சாலை, இருபுறமும் மழைமரம்,
துணி காயும் மூங்கில் கழிகள்,
ஒரு பச்சைப் பலகை, இன்னொரு பச்சைப் பலகை.
துவாஸ்.
சாலை முடிந்துவிட்டது.
மக்ரூன் பாக்கெட்டின் ரப்பர் பேண்டைக்கூட
இன்னும் கழற்றவில்லை.
'நாடே முடிஞ்சுபோச்சா?' என்று எழுந்தான் இர்ஃபான்,
கன்னத்தில் தலையணைக் கோட்டோடு.
திரும்பி மறுபடி சாங்கிக்கே ஓட்டினேன்.
அவன் மறுபடி தூங்கினான்.
மறுபடி எழுந்தான்.

அடுத்த மாதம் பாலம் தாண்டத் துணிந்தோம்.
முள் முக்காலுக்குக் கீழே இருந்தால்
வண்டி எல்லை தாண்டக்கூடாதாம்.
அப்பா எப்போதும் நூறு ரூபாய்க்கு மட்டுமே
பெட்ரோல் போடுவார்.
நான் முதன்முதலாக
நிரப்புங்கள் என்று சொன்னேன்,
அந்தச் சொல்லைக் கொஞ்சம் ரசித்தே.

உட்லண்ட்ஸ். காலை ஆறு மணி.
எங்களைப் போலவே நிரப்பிக்கொண்டு வந்தவர்கள்
கண்ணுக்கெட்டிய வரை.
ஒரு கிலோமீட்டருக்கு மூன்று மணிநேரம்.
மோட்டார் சைக்கிள்கள் மட்டும்
மீன்கூட்டம்போல நழுவிப் போயின.
பக்கத்து வண்டிச் சீனக்கிழவர்
கண்ணாடி இறக்கி இரண்டு ஆரஞ்சு நீட்டினார்.
ஜெசிந்தா மக்ரூன் நீட்டினாள்.
தின்று பார்த்து, புருவம் தூக்கி,
இன்னொன்று கேட்டார்.
கேன்? கேன்.
அவருடைய மனைவி எட்டிப் பார்த்து
நாங்கள் மூவரும் என்ன உறவு என்றாள்.
ஒரே வீட்டு வாடகை என்றோம்.
அதுவும் சரிதான் என்பதுபோலத் தலையசைத்தாள்.

ஜொகூரில் மதியம் ரொட்டியும் மீன்கறியும்.
எழுந்து கைகழுவும்போதே
ஜெசிந்தாவுக்கு இரவுப்பணி நினைவு வந்தது.
மலாக்கா, ஈப்போ, இன்னும் மேலே
விரலால் அளந்து வைத்திருந்த சாலையெல்லாம்
வரைபடத்திலேயே கிடந்தது.
திரும்பினோம். மறுபடி வரிசை.
கடல் இருட்டி, எதிரே
அடுக்குமாடி ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட,
'ஏ, நம்ம வீடு அந்தப் பக்கம்தானே' என்றான் இர்ஃபான்.
மூவரும் தேடினோம்.
தெரியவில்லை. ஆனாலும் தேடினோம்.

வாடகைக்கடைக்காரர் வண்டியின் முள்ளைப் பார்த்தார்.
'ரொம்பத் தூரம் போகலபோல?'
போனோம் என்றேன்.

திங்கட்கிழமை, யீஷூன் மேடை.
எல்லோரும் தத்தம் கைபேசிக்குள் இருந்தார்கள்.
அவள் மட்டும் வழக்கம்போல
ஆத்தி, ஆத்தி என்றாள்.
அர்த்தம் தெரிந்த பிறகும்
ஆமாம்டி என்றேன், மெதுவாக.